வெள்ளை கேன்வாஸ் ஷூ: பிளீச்சா, பெராக்சைடா?

எங்கள் பிள்ளைகளின் பள்ளியில் பி.டி. வகுப்புள்ள நாளில் வெள்ளை கேன்வாஸ் ஷூ கட்டாயம், மைதானமோ முழுக்கச் செம்மண். முன்பு லிக்விட் பிளீச்சில்தான் ஊறவைத்துத் துவைப்போம், இப்போது ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆப்ப சோடாவும். இரண்டையும் போதுமான அளவு புழங்கியாயிற்று, என் ஓட்டு பெராக்சைடுக்குத்தான்.

பற்பசை ரப்பர் ஓரத்துக் கறுப்புக் கீறலுக்கு நல்லது, துணிக்கு வேண்டாம். வொயிட்னர் கறையை எடுப்பதில்லை, மேலே பூசி மறைக்கிறது, அவ்வளவுதான். விலையிலும் வேகத்திலும் பிளீச்சை அடிக்க முடியாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஈரமாக இருக்கும்போது எதில் துவைத்தாலும் ஷூ வெள்ளையாகத்தான் தெரியும். காய்ந்த பிறகு தையல் ஓரத்திலும், ரப்பரும் துணியும் சேரும் இடத்திலும் மஞ்சள் ஏறுகிறதே, அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கேன்வாஸ் தடித்த துணி, உள்ளே பசை வேறு. எவ்வளவு அலசினாலும் கொஞ்சம் காரமும் அழுக்கும் தங்கிவிடும், தண்ணீர் ஆவியாகும்போது அதெல்லாம் மேல்பரப்புக்கு வந்து படியும். உங்கள் வீட்டில் இரும்புச்சத்துள்ள போர் தண்ணீர் என்றால் பிளீச் அந்த இரும்பைத் துருவாக்கித் துணியிலேயே படியவிடும். அடிக்கடி போட்டால் பருத்தி நூலும் நைந்து, கட்டைவிரல் பக்கம் ஓட்டை விழும்.

பெராக்சைடு வேலை முடிந்ததும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் சோடாவின் காரத்துக்கு, கடைசி வாளித் தண்ணீரில் ஒரு மூடி வினிகர் விட்டு அலசினால் போதும். பிளீச் போட்ட ஷூவில் இந்த வினிகர் வைத்தியத்தைச் செய்யவே கூடாது. பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உண்மையிலேயே ஆபத்து. மஞ்சளைத் தடுக்கிற வழியே பிளீச்சில் அடைபட்டுப் போகிறது, நான் மாறியதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

செய்முறை சுலபம். சேற்றை ஈரத்தோடு தேய்க்காமல் நன்றாகக் காயவிட்டுத் தட்டி உதிர்க்க வேண்டும். செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடு, அதைப் பிளீச்சும் எடுக்காது, பெராக்சைடும் எடுக்காது. எலுமிச்சைச் சாறு தேய்த்துக் கொஞ்ச நேரம் வைத்து, நன்றாக அலசிவிடுங்கள். அப்புறம் மெடிக்கலில் கிடைக்கிற 6 சதவீத பெராக்சைடில் ஆப்ப சோடாவைக் குழைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் பூசி, அரை மணி நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவலாம். கையுறை அவசியம், விரலில் பட்டால் வெளுத்து எரியும். குழைத்ததை மிச்சம் வைத்துப் பாட்டிலில் மூடாதீர்கள், வாயு சேர்ந்து மூடி தெறிக்கும். வினிகர் தண்ணீரில் அலசிய பின் ஷூவைச் சுற்றி வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஒட்டி நிழலில் காயவைத்தால், வெளியே வருகிற மஞ்சள் பேப்பரில் இறங்கிவிடும். காய்ந்ததும் உரித்துப் பாருங்கள், தெரியும்.

மழைக்காலத்தில் பூஞ்சைக் கரும்புள்ளி விழுந்த ஷூவுக்கு மட்டும் நானும் பிளீச்சைத்தான் எடுக்கிறேன், தண்ணீர் நிறையக் கலந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. சாயம் போட்ட கேன்வாஸில் எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் நாக்குப் பகுதியின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். தோல் ஷூவில் இரண்டுமே வேண்டாம்.