ஹைப்ரிட் அயர்னா, சாதாரண அயர்னா, கலவை செட்டா?

என் கோல்ஃப் பையில் இருந்த 5 அயர்ன் (மெல்லிய உலோகத் தலை மட்டை; எண் குறையக் குறைய நீளமும் தூரமும் கூடும்) ஆறு மாதமாக வெளியே வரவே இல்லை. எடுத்து அடித்தால் பந்து முழங்கால் உயரத்தில் ஓடும். எடுக்காவிட்டால் 160 கஜத்துக்கு என்னிடம் மட்டையே கிடையாது. ஸ்விங் வேகம் குறையத் தொடங்கிய எவருக்கும் இந்தச் சிக்கல் வந்தே தீரும்.

இதற்குக் கடைகளில் மூன்று பதில்கள் வைத்திருக்கிறார்கள். செட் முழுவதுமே ஹைப்ரிட் (அயர்னுக்கும் பருத்த தலையுள்ள வுட் மட்டைக்கும் இடைப்பட்டது) போல உள்ளே வெற்றாகவும் அடி அகலமாகவும் வரும் அயர்ன்கள் முதல் வகை. பின்பக்கம் குடைந்த, ஓரளவு பிழை பொறுக்கும் சாதாரண அயர்ன்கள் இரண்டாவது. 4, 5, 6 மட்டும் தனி ஹைப்ரிட்களாகவும் 7 முதல் அயர்ன்களாகவும் சேர்த்துக்கொள்ளும் கலவை மூன்றாவது. மூன்றையும் வைத்து ஆடியிருக்கிறேன். ஒன்றில் பணமும் இழந்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் வகைக்கு கிளீவ்லேண்டின் ஹேலோ, கோப்ராவின் டி-ரெயில், டூர் எட்ஜின் அயர்ன்-வுட், வில்சனின் லாஞ்ச் பேட் ஆகியவற்றைச் சொல்லலாம். இவற்றின் எடை முகத்துக்குப் பின்னாலும் கீழேயும் தள்ளி அமைந்திருப்பதால் பந்து தானாகவே மேலெழும்புகிறது. அகன்ற அடியோ மண்ணைத் தோண்டாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. டி-ரெயிலின் அடியில் தண்டவாளம்போல ஓடும் முகடுகள் புதுமை ஒன்றும் இல்லை. 1975-இல் வந்த கோப்ராவின் பேஃப்ளர் மட்டையிலிருந்தே தொடரும் யோசனை அது. பந்துக்கு ஓர் அங்குலம் பின்னால் தரையைத் தொட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். சாதாரண அயர்ன் அங்கேயே புதைந்து நிற்கும். பந்து முப்பது கஜம் போனால் அதிகம். இந்த வகை மட்டை வழுக்கிப் போய்ப் பந்தை எப்படியோ அனுப்பிவிடும். பத்துப் பதினைந்து கஜம் குறையும், அவ்வளவுதான்.

ஆனால் இந்த வழுக்கல் எல்லாத் தரையிலும் ஒன்றாக இருப்பதில்லை. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபேர்வே (ஆடும் புல்வெளி) ஊறிக் கிடக்கும்போது அகன்ற அடி வரப்பிரசாதம். அதே மட்டை சித்திரை வெயிலில், புல் தேய்ந்து இறுகிப்போன தரையில் பட்டுத் துள்ளி, பந்தின் வயிற்றில் அடிக்கும். பந்து கிரீனை (குழி இருக்கும் மழித்த புல்தளம்) தாண்டி அடுத்த குழிக்கு ஆட்டம் தொடங்கும் டீ வரை ஓடும். ஆண்டில் பாதி நாள் இறுகிய தரையில் ஆடுபவர் இதை யோசிக்காமல் வாங்கக் கூடாது.

பழகிக்கொள்வதற்கும் ஒரு வழி இருக்கிறது. மட்டையை மேலிருந்து பார்த்தால் கரண்டி போலத் தடிமனாக இருக்கும். முதல் இரண்டு வாரம் கண் ஒப்புக்கொள்ளாது. அதைவிடப் பெரிய தொல்லை, ஹைப்ரிட் என்ற பெயரைக் கேட்டவுடன் பலர் துடைப்பத்தால் கூட்டுவதுபோல வீசத் தொடங்குவது. நானும் அதைத்தான் செய்தேன். பந்தைத் தூக்கிவிட நாம் முயல வேண்டியதில்லை, அந்த வேலையை மட்டையே செய்துவிடும். நீள மட்டைகளுக்குப் பந்தை நடுவிலிருந்து ஓர் அங்குலம் முன்னே வைத்து, அயர்னைப் போலவே லேசாகக் கீழ்நோக்கி அடித்தால் போதும். இன்னொன்று, இவற்றின் முகம் கழுத்திலிருந்து நன்றாகப் பின்தள்ளி இருக்கும். வலக்கைக்காரருக்குப் பந்து வலப்புறம் வளைந்து ஓடும் பழக்கம் இருந்தால் இது மருந்து. ஏற்கெனவே இடப்புறம் வளைப்பவருக்கு எரிகிற தீயில் எண்ணெய்.

சாதாரண வகையில் பிங் ஜி430-ஐ எடுத்துக்கொள்கிறேன். உணர்வு நன்றாக இருக்கும். குறுகிய அடிகளில் கட்டுப்பாடும் கூடுதல். கவனிக்க வேண்டியது லாஃப்ட் கோணம், அதாவது முகம் பின்னால் சாய்ந்திருக்கும் அளவு. ஒரு தலைமுறைக்கு முன் 7 அயர்ன் 35 டிகிரியை ஒட்டி இருந்தது. ஜி430-இன் 7 அயர்ன் 29 டிகிரி, அதாவது ஏறக்குறைய அன்றைய 5 அயர்ன். மட்டையில் அச்சடித்த எண்ணைப் பார்த்து, “என் 7 அயர்ன் இருபது கஜம் கூடுதலாகப் போகிறது” என்று மகிழ்வதில் பொருளில்லை. இதே செட்டில் பிட்சிங் வெட்ஜ் (வெட்ஜ் என்பது குறுகிய தூரத்துக்கான, முகம் நன்றாகச் சாய்ந்த மட்டை) 41 டிகிரி. உங்கள் பழைய சேண்ட் வெட்ஜ் 56 என்றால் நடுவே 15 டிகிரி பள்ளம் விழுகிறது. அதை நிரப்ப 46, 51 என்று இரண்டு மட்டை வேண்டும். விலைப்பட்டியலில் இந்தச் செலவை யாரும் காட்டுவதில்லை.

பந்து எவ்வளவு தூரம் போகிறது என்பதோடு கிரீனில் நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பந்தின் பறப்பை ரேடாரால் அளக்கும் டிராக்மேன் நிறுவனம் வெளியிட்ட பிஜிஏ டூர் (அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடர்) சராசரியில் 7 அயர்ன் நிமிடத்துக்குச் சுமார் 7,000 சுற்று சுழன்று, 50 டிகிரியில் இறங்கும். நான் ஜி430-ஐச் சோதித்த அன்று எனக்கு 40 டிகிரிதான் வந்தது. பந்து கிரீனில் விழுந்து ஓடி வெளியேறிவிடும். அதே நாளில் ஹைப்ரிட் வகை 7 அயர்னில் 44 வந்தது. மெதுவாக வீசுபவருக்கு இந்த வகையின் உண்மையான ஆதாயம் இந்த நான்கு டிகிரியில்தான் இருக்கிறது. விளம்பரங்கள் தூரத்தைப் பற்றியே பேசுகின்றன.

கலவை செட் பேச்சுக்கு அழகாக இருக்கும். சிக்கல் நீளத்தில் தொடங்குகிறது. தனி ஹைப்ரிட் அதே எண்ணுள்ள அயர்னைவிட ஓர் அங்குலம் வரை நீளமாக வரும். ஹைப்ரிட் வகை அயர்ன் அயர்னின் நீளத்தை ஒட்டியே இருக்கும். நீளம் கூடினால் தூரம் கூடும், நடுமுகத்தில் படுவது குறையும். அடுத்தது ஷாஃப்டின், அதாவது மட்டைத் தண்டின் எடை. ஹைப்ரிட்டில் 60 கிராம் கிராஃபைட், 7 அயர்னில் 95 கிராம் ஸ்டீல் என்றால் கை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தாளம் பிடிக்க வேண்டும். கலவை வேண்டுமானால் இரு பக்கமும் கிராஃபைட் போட்டு, எடை மெல்ல ஏறுவதுபோல அமைத்துக்கொள்ளுங்கள். பையில் 14 மட்டைக்கு மேல் விதி அனுமதிக்காது என்பதால் வெட்ஜ்களையும் சேர்த்து எண்ணிய பிறகே ஹைப்ரிட் எத்தனை என்று முடிவெடுங்கள்.

இனி அந்தப் பணம் போன கதை. முதல் ஹைப்ரிட் அயர்ன் செட்டைக் கடை அலமாரியிலிருந்து அப்படியே எடுத்து வந்தேன். விற்றவர் என் உயரத்தைக்கூடக் கேட்கவில்லை. ஐந்து மாதம் எல்லாப் பந்தும் இடப்பக்கம். பிடியை மாற்றினேன், கால் வைப்பதை மாற்றினேன். கடைசியில் ஃபிட்டிங் செய்பவர் (ஆளுக்கேற்ப மட்டையை அளந்து பொருத்துபவர்) ஒருவர் மட்டையின் அடியில் டேப் ஒட்டி, பலகைமேல் அடிக்கச் சொன்னார். டேப் தேய்ந்த தடம் நடுவில் இல்லை, கழுத்துப் பக்கம் ஒதுங்கி இருந்தது. பிறகு பந்தில் மார்க்கரால் செங்குத்தாகக் கோடு போட்டு, கோடு முகத்தைப் பார்க்க வைத்தார். அடித்ததும் முகத்தில் பதிந்த கோட்டின் தலை நுனிப்பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டும் சொன்னது ஒன்றைத்தான்: லை கோணம் (மட்டையின் அடி தரையில் படிந்திருக்கும்போது தண்டு தரையோடு செய்யும் கோணம்) எனக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்திருக்கிறது. மட்டையின் நுனி தூக்கிக்கொண்டு நின்றால் முகம் இடப்புறம் பார்க்கும். லாஃப்ட் கூடக் கூட அந்தத் தவறும் பெரிதாகும். ஐந்து மாதம் நான் திட்டிய ஸ்விங் பாவம், அதன்மேல் குற்றமில்லை.

இரண்டு டிகிரி படிய வைத்துத் தாருங்கள் என்றேன். அவர் தயங்கினார். வார்ப்பு எஃகில் செய்த, உள்ளே வெற்றான தலையும் குட்டைக் கழுத்தும் உள்ள மட்டைகளை வளைப்பது எளிதல்ல. ஓரளவுக்கு மேல் போனால் உடையலாம். “இதற்கு நான் பொறுப்பேற்க முடியாது, சார்” என்றார். அந்த செட் பாதி விலைக்குப் போனது. அடித்துருவாக்கிய மென்எஃகு அயர்ன் என்றால் பத்து நிமிட வேலை. ஹைப்ரிட் அயர்ன் வாங்குபவர் லை கோணத்தை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பிங் நிறுவனம் இதற்கு நிறப்புள்ளி வைத்திருக்கிறது: கறுப்பு நடுநிலை, நீலம் சற்று நிமிர்ந்தது, சிவப்பு சற்றுப் படிந்தது. உயரத்தையும் மணிக்கட்டிலிருந்து தரை வரை உள்ள தூரத்தையும் கொண்டு முதல் கணிப்பைச் சொல்வார்கள். அது தொடக்கம்தான், இறுதித் தீர்ப்பை டேப்பும் பந்தும் சொல்லும். ஷாஃப்டை அரை அங்குலம் நீட்டினால் லையும் ஏறத்தாழ ஒரு டிகிரி நிமிர்ந்ததுபோல நடக்கும் என்பதால் நீளத்தை முதலில் முடிவு செய்துவிட்டு லைக்கு வாருங்கள்.

ஃபிட்டிங்கில் அதிகம் ஏமாற்றுவது தரைதான். உள்ளரங்கில் ரப்பர் பாய்மேல் அடிக்கும்போது அகன்ற அடி தவறான அடியையும் மறைத்துவிடும். பந்துக்குப் பின்னால் பட்டது திரையில் தெரியாது, எண்கள் அழகாகவே வரும். இரண்டாம் முறை போனபோது பத்துப் பந்தாவது புல்லில் அடிக்காமல் பணம் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். புல்லில் ஹைப்ரிட் வகையின் 5, 6, 7 மூன்றும் சோபித்தன. 9 அயர்னும் வெட்ஜும் எனக்கு ஒத்துவரவில்லை. இறுகிய தரையில் கிரீன் ஓரத்திலிருந்து சிப் செய்யும்போது (சிறு தூரத்துக்கு மெல்லத் தட்டும்போது) தடித்த அடி இரண்டு முறை துள்ளியது. ஹேலோ போன்ற செட்களில் மட்டை குட்டையாக ஆக அடியின் வடிவமும் மாறுகிறது. அது உதவத்தான் செய்கிறது. ஆனாலும் என் கைக்குப் போதவில்லை.

இப்போது பையில் 5 முதல் 8 வரை ஹைப்ரிட் அயர்ன். 9 முதல் சாதாரண அயர்னும் வெட்ஜ்களும். எல்லாமே கிராஃபைட், லை ஒரு டிகிரி படிந்தது. மழைக்காலம் முழுவதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 7 அயர்னின் அடியில் டேப் ஒட்டிப் பார்க்கிறேன். போன முறை தடம் நடுவிலிருந்து கால் அங்குலம் கழுத்துப் பக்கம் நகர்ந்திருந்தது. இந்த முறை மட்டையைக் குறை சொல்ல வழியில்லை; முதுகு வளைந்து நிற்கத் தொடங்கியிருக்கிறேன்.