திருமுடிவாக்கத்தில் பத்து நாள்: விபாசனா முகாம் ஒரு மதிப்பீடு

உள்ளுணர்வைக் கூர்மையாக்கிக்கொள்ளலாம் என்ற எதிர்பார்ப்போடு விபாசனா என்னும் பௌத்தத் தியான முகாமுக்குப் போகிறவர்கள் பலர். சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது மையத்தில் பத்து நாள் முகாமை முடித்துவந்த எனக்குத் தோன்றுவது இதற்கு நேர்மாறானது. உள்ளே எழும் ஓர் உணர்வு எவ்வளவு உறுதியாகப் பேசினாலும், அதன் பேச்சைக் கேட்டு உடனே எழுந்துவிடாமல் இருக்கப் பழக்குவதுதான் இந்தப் பயிற்சியின் உண்மையான பயன். அந்த ஒரு காரணத்துக்காகவே இதை நான் பரிந்துரைப்பேன். அதே பாடத்தைத் தன் சொந்தக் கொள்கைகளுக்குப் பொருத்திப் பார்க்க இந்த முறை தயங்குகிறது என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

நடைமுறை விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டணம் கிடையாது. தங்குமிடம், உணவு, பயிற்சி எல்லாம் ஏற்கெனவே பயின்றவர்கள் தரும் நன்கொடையில் நடக்கின்றன. ஒரு முகாமையாவது முழுமையாக முடிக்காதவரிடம் நன்கொடையும் வாங்குவதில்லை. காலை 4 மணிக்கு மணி அடிக்கிறது, இரவு 9.30க்கு விளக்கணைக்கிறார்கள், இடையே பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் தியானம். கைபேசி, புத்தகம், பேனா ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே ஒப்படைத்துவிட வேண்டும்; பத்தாம் நாள்வரை மௌனம்; ஜெபமாலை, மந்திரம், ஊதுவத்தி எதற்கும் இடமில்லை. மதிய உணவு 11 மணிக்கு, அதன்பின் மாலை 5 மணிக்குப் புதியவர்களுக்குத் தேநீரும் பழமும் மட்டும். பர்மாவில் 1924இல் பிறந்த தியான ஆசிரியர் எஸ்.என். கோயங்கா, அந்நாட்டின் அக்கவுன்டன்ட் ஜெனரலாகப் பணியாற்றிய ஊ பா கினிடம் கற்று, 1969 முதல் இந்தியாவில் நடத்திய முறை இது. (கால அட்டவணையைப் பார்த்தாலே இதற்குப் பின்னால் ஒரு கணக்குத் துறை அதிகாரி இருந்திருக்கிறார் என்று நம்பத் தோன்றும்.) அவர் 2013இல் மறைந்த பின்னும் அவருடைய பதிவு செய்யப்பட்ட உரைகளைக் கொண்டே முகாம்கள் நடைபெறுகின்றன.

முதல் மூன்று நாட்களும் மூக்கையும் அதற்குக் கீழே மேலுதட்டுக்கு மேலே உள்ள சிறிய இடத்தையும் விட்டு நகராமல், மூச்சையும் அங்கே எழும் உணர்வையும் மட்டும் கவனிக்க வேண்டும். நான்காம் நாள் விபாசனா தொடங்குகிறது: உச்சி முதல் உள்ளங்கால் வரை எழும் உடல் உணர்வுகளை வரிசையாகக் கவனித்து, இனிமையானதை விரும்பாமலும் வலியை வெறுக்காமலும் இருக்க வேண்டும். அன்றிலிருந்து நாளுக்கு மூன்று முறை, ஒரு மணி நேரம், கண்ணைத் திறக்காமலும் கையையும் காலையும் அசைக்காமலும் உட்கார முயல வேண்டும். முக்கால் மணி நேரம் கடந்ததும் முழங்கால் வலி வெறும் வலியாக நிற்பதில்லை. தேர்ந்த வக்கீலைப் போல அது வாதாடத் தொடங்குகிறது. இப்போது காலை நீட்டாவிட்டால் மூட்டு போய்விடும், இது வீண் பிடிவாதம், உன் உடம்பு உனக்குத் தெரியாதா என்று அடுக்கடுக்காகச் சொல்கிறது. அந்த நேரத்தில் அதன் உறுதியில் துளியும் ஐயம் இருப்பதில்லை. மணி அடித்து எழுந்து கூடத்தின் வாசல்வரை நடப்பதற்குள் வலி போய்விடுகிறது, அதனோடு அந்த உறுதியும் போய்விடுகிறது. ஓர் எண்ணம் உறுதியாக இருப்பதும் அது சரியாக இருப்பதும் வேறு வேறு என்பதை முழங்காலே நிரூபித்துக்காட்டும் இந்த ஒரு மணி நேரம்தான் முகாமின் மிகச் சிறந்த பகுதி.

வலியைவிடச் சிக்கலானது இன்பம். சில நாட்களில் உடல் முழுவதும் மெல்லிய அதிர்வு பரவுவதுபோல் ஒரு நிலை பலருக்கும் வருகிறது, அதை முன்னேற்றம் என்று எண்ணாமல் இருப்பது கடினம். மாலை உரைகள் இந்த இடத்தில் கண்டிப்பாகவே பேசுகின்றன: எந்த உணர்வு வந்தது என்பது அளவுகோல் அன்று, அதன்முன் நிலைகுலையாமல் இருந்தோமா என்பதே அளவுகோல். ஆன்மிகச் சந்தையில் ‘அதிர்வு’, ‘சக்தி’ என்ற பெயர்களில் விற்கப்படும் எதுவும் இவ்வளவு நேர்மையாகத் தன் சரக்கையே தள்ளிவைப்பதில்லை. உடல் கிளர்ச்சிக்கு மனம் தவறான காரணம் கற்பிப்பதை உளவியலும் காட்டியிருக்கிறது. கனடாவின் கேபிலானோ தொங்குபாலத்தில் டட்டன், ஆரன் ஆகிய இருவர் நடத்தி 1974இல் வெளியிட்ட ஆய்வில், ஆடும் பாலத்தின் மேல் ஒரு பெண்ணைச் சந்தித்த ஆண்கள், உறுதியான பாலத்தில் சந்தித்தவர்களைவிட அதிக அளவில் பிறகு அவரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். உயரம் தந்த படபடப்பை அவர்கள் ஈர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்கள் என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

இதே கண்டிப்பு கொள்கை விளக்கத்தில் தளர்ந்துவிடுகிறது. மனத்தின் ஆழத்தில் தேங்கிய பழைய பதிவுகள், அதாவது சங்காராக்கள், உடல் உணர்வுகளாக மேலெழுந்து கரைகின்றன என்று உரைகள் சொல்கின்றன. நம்ப வேண்டாம், நீங்களே அனுபவித்துப் பாருங்கள் என்றும் சொல்கின்றன. அனுபவிக்கக் கிடைப்பது முதுகில் ஒரு சூடு, தோளில் ஓர் அரிப்பு. அவை எந்தப் பிறவியின் எந்தப் பதிவு என்பது அனுபவத்தில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. நாள்கணக்கான மௌனத்திலும் சோர்விலும் ஒவ்வொரு மாலையும் ஒரே விளக்கத்தைக் கேட்கும் ஒருவருக்கு, அந்த விளக்கமும் தன் அனுபவமாகவே தோன்றத் தொடங்குவதில் வியப்பில்லை. சொந்த அனுபவத்துக்குச் சான்றாகப் பலரும் எடுத்துக்காட்டும் காலாம சூத்திரம் என்ற பௌத்த உரையில்கூட, புத்தர் கேள்விப்பட்டதையும் மரபையும் மட்டும் ஒதுக்கவில்லை. நம் கருத்தோடு ஒத்துப்போகிறது என்பதற்காக ஒன்றை ஏற்பதையும் சேர்த்தே ஒதுக்குகிறார். அறிவுடையோர் பழிக்கிறார்களா, பின்பற்றினால் கேடு விளைகிறதா என்ற வெளி அளவுகோல்களையும் அவர் உடன் வைக்கிறார்.

ஒழுக்கத்தைப் பொறுத்தவரை முகாமின் ஏற்பாடு அதன் உரைகளைவிடத் தெளிவானது. முதல் நாளே கொல்லாமை, திருடாமை, பொய்யாமை, பாலுறவு தவிர்த்தல், போதை தவிர்த்தல் ஆகிய ஐந்து சீலங்களையும் ஏற்றுக்கொண்ட பிறகே பயிற்சி. உங்கள் மனம் என்ன சொல்கிறது என்று இந்த இடத்தில் யாரும் கேட்பதில்லை, அது சரியும்கூட. சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே கழுவி, எல்லாருடைய தட்டுகளும் இருக்கும் அடுக்கில் வைக்க வேண்டும். அடுத்த வேளை யார் தட்டு யார் கைக்கு வரும் என்பது தெரியாது, பக்கத்தில் இருப்பவரின் பெயரும் ஊரும் மௌனம் முடியும்வரை தெரியாது. இரட்டைக் குவளை வைத்திருந்த தேநீர்க் கடைகளை அறிந்த ஊரில் இது சாதாரண விஷயம் அன்று. அந்தக் குவளையைத் தனியே வைத்தவர்கள் பலருக்கு உள்ளுக்குள் உண்மையாகவே அருவருப்பு எழுந்திருக்கும், அவர்கள் நடிக்கவில்லை. வயிற்றில் எழும் அந்தப் புரட்டலை அறத்தின் குரல் என்று எடுத்துக்கொண்டால் தீண்டாமைக்கும் ஒரு நியாயம் கிடைத்துவிடும். அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தபோது யாருடைய உள்ளுணர்வின் ஒப்புதலுக்காகவும் காத்திருக்கவில்லை.

பத்தாம் நாள் மௌனம் விலக்கப்பட்டதும் மரத்தடியில் ஒருவர் என்னிடம், “உள்ளேயிருந்து பதில் வந்துடுச்சு சார், ஊருக்குப் போனதும் வேலைய விடப்போறேன், இனி யோசிக்க ஒண்ணுமில்ல” என்றார். முகம் மலர்ந்திருந்தது. வீட்டுக் கடன் பற்றிய பேச்சும் இரண்டு நிமிடம் கழித்து அவரிடமிருந்தே வந்தது. அவர் முடிவு சரியாகவும் இருக்கலாம். ஆனால் பத்து நாள் செய்தித்தாளும் சம்பளமும் சண்டையும் இல்லாத இடத்தில் கிடைத்த அமைதி, அந்த முடிவைப் பற்றி எதையும் சொல்லவில்லை. ஒவ்வோர் உணர்வும் எழுந்து மறையும் என்று பத்து நாள் கேட்ட பிறகும், இந்த ஒன்று மட்டும் மறையாது என்று நினைக்க மனத்துக்கு ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படுவதில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். விண்ணப்பத்தில் மனநலம் பற்றிய கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் எழுதுங்கள். கடுமையான மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று முகாமின் விதிகளே சொல்கின்றன, மருந்தை நிறுத்திவிட்டுச் செல்வது ஆபத்து. மூட்டு வலி உள்ளவர்கள் நாற்காலி கேட்கத் தயங்க வேண்டாம். உட்காரும்போது வந்த வலி நடக்கும்போதும் தொடர்ந்தால் ஆசிரியரிடம் நண்பகல் நேரத்தில் சொல்லிவிடுங்கள். திருமணம், வேலை, சொத்து என்று பெரிய முடிவு ஏதேனும் நிலுவையில் இருந்தால், அதை முகாமுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வந்து ஒரு மாதம் கழித்து, வீட்டாரையும் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள்.