கோத்தகிரி சேற்றில் தாரும் ஜிம்னியும்

மழை விட்ட மறுநாள், தேயிலைத் தோட்டத்துக்கு இறங்கும் மண் பாதையில் என் மாருதி ஜிம்னி வண்டியையும் மச்சானுடைய மூன்று கதவு மஹிந்திரா தார் டீசல் வண்டியையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தோம். இழுவையில் தார்தான் ராஜா, 300 நியூட்டன் மீட்டர், இலை மூட்டை ஏற்றியும் இரண்டாவது கியரிலேயே முனகாமல் ஏறுகிறது. ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோலுக்கு 134தான், நன்றாக மிதிக்க வேண்டும். ஆனால் ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு ஆக்சில், அதாவது இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரே திடமான அச்சு, தாருக்குப் பின்னால் மட்டும். அதனால் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் மற்றது மண்ணை விடுவதில்லை, ஃபோர்-லோ (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் கியர்) போட்டு ஆமை மாதிரி விட்டால் போதும்.

அப்புறம் டயர். தாரின் 255 மில்லிமீட்டர் அகல டயர் மணலுக்குச் சரி, எங்கள் சேற்றைக் கிழித்து அடித்தரையைப் பிடிக்க 195 ஒல்லி டயர்தான் தேவலை. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே அகலமான தாரில் மச்சான் பக்கக் கண்ணாடியை மடக்கினார், ஒடுங்கிய ஜிம்னியில் நான் மடக்கவில்லை.