பெட்டியா, பதிவிறக்கமா: கணினி விளையாட்டு வாங்கும் முன்

அண்ணன் மகனுக்கு 13 வயது. தீபாவளிக்கு உறையில் வைத்துத் தரும் அங்பாவ் பணத்தை எண்ணி வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "சித்தப்பா, கேம் வாங்கணும். சிம் லிம் போய் டிஸ்க் வாங்கலாமா, ஸ்டீம்ல வாங்கலாமா?" சிம் லிம் இங்கே சிங்கப்பூரில் கணினிச் சாமான் விற்கும் கடைத்தொகுதி. ஸ்டீம், கணினி விளையாட்டுகளைப் பதிவிறக்கமாக விற்கும் இணையக் கடை. அண்ணிக்குப் பெட்டிதான் வேண்டும். கொடுத்த காசுக்குக் கையில் ஒன்று இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அண்ணனுக்கு எது மலிவோ அது. நான் உடனே பதில் சொல்லவில்லை. அலமாரியில் இருந்த ஒரு பழைய பெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

அது ஹாஃப்-லைஃப் 2 என்ற விளையாட்டு. 2004 நவம்பரில் வெளிவந்தது. தேசிய சேவையில் கிடைத்த மாதப் படியைச் சேர்த்து அண்ணன் வாங்கி வந்த பெட்டி. சிடிக்களைப் போட்டு நிறுவினால் போதும் என்று நினைத்தோம். அது இணையம் கேட்டது, ஸ்டீம் கணக்கு கேட்டது. பெட்டியில் அச்சிட்டிருந்த எண்ணை ஒருமுறை பதிந்ததும் விளையாட்டு அண்ணனின் கணக்கோடு ஒட்டிக்கொண்டது. அவர் கணக்கில் இன்றும் அது இருக்கிறது. சிடியைத் தொடாமலே சில நிமிடங்களில் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இந்தப் பெட்டியை யாருக்காவது கொடுத்தால் அவருக்குப் போய்ச் சேர்வது அட்டையும் பிளாஸ்டிக்கும்தான்.

கணினி விளையாட்டைப் பொறுத்தவரை "பெட்டி வாங்கினால் பொருள் நம்முடையது, பதிவிறக்கினால் வாடகை" என்ற பேச்சு அந்த ஆண்டிலிருந்தே ஆட்டம் கண்டுவிட்டது. இதைச் சொல்லாமல் விலையையும் வசதியையும் மட்டும் ஒப்பிட்டால் அண்ணிக்குத் தவறான நம்பிக்கையைக் கொடுத்தவன் ஆவேன்.

அதற்கு முந்திய காலம் வேறு. சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்படும்வரை, தேக்காவில் சாமான் வாங்கப் போகும்போதெல்லாம் அங்கே ஓர் எட்டு பார்த்துவிட்டு வருவேன். இரண்டு மூன்று வெள்ளிக்குப் பழைய விளையாட்டு சிடிக்கள் கிடைக்கும். கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். நான் முடித்ததும் பள்ளி நண்பனுக்குப் போகும், அவன் தம்பிக்குப் போகும். பெட்டிக்கு இருந்த உண்மையான பெருமை இந்தக் கைமாற்றம்தான். ஆனால் அந்த சிடிக்களிலும் பூட்டு இருந்தது. அசல் சிடிதானா என்று சோதிக்கும் சேஃப்டிஸ்க் என்ற பாதுகாப்பு முறையைப் பல நிறுவனங்கள் பயன்படுத்தின. 2015ல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்பதில்லை. ஒரு கீறல்கூட இல்லாத சிடியைப் போட்டாலும் அந்த விளையாட்டுகள் அப்படியே திறக்காது.

அப்புறம் விளையாட்டுகள் பெருத்துவிட்டன. இரட்டை அடுக்கு டிவிடி ஒன்றில் 8.5 ஜிபிதான் கொள்ளும். 2015ல் கணினிக்கு வந்த ஜிடிஏ 5 பெட்டியில் 7 டிவிடிக்கள். 2020ன் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் ஐரோப்பாவில் 10 டிவிடிக்களோடு விற்பனைக்கு வந்தது. இன்னொரு பக்கம், 2015ல் வந்த மெட்டல் கியர் சாலிட் 5 பெட்டியின் வட்டில் ஸ்டீமை நிறுவும் சின்னக் கோப்பு மட்டுமே இருந்தது, விளையாட்டு இல்லை. பிறகு வட்டும் போய், பெட்டிக்குள் ஓர் எண் அச்சிட்ட தாள் மட்டும் வரத் தொடங்கியது. இன்று கணினிக்கென்று விற்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த வகை. இப்போதைய மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் வட்டு போடும் இடமே கிடையாது என்பதையும் அண்ணிக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

அந்தத் தாள்தான் எனக்கு ஒருமுறை பாடம் கற்பித்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கடையில், பிரிக்காத பெட்டி என்று நம்பி 35 வெள்ளி கொடுத்து வாங்கினேன். வீட்டில் எண்ணைப் பதிந்தால் "ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்று வந்தது. கடைக்காரர் நான்தான் பதிந்திருப்பேன் என்றார். இல்லை என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. அதனால் பழைய பொருள் விற்கும் செயலிகளில் கணினி விளையாட்டுப் பெட்டி மலிவாகக் கிடந்தால் தயவுசெய்து தொடாதீர்கள். பிளேஸ்டேஷன், நின்டெண்டோ சுவிட்ச் போன்ற கருவிகளின் கதை வேறு. அவற்றின் வட்டையும் கேட்ரிட்ஜையும் இன்னும் விற்கலாம், மாற்றலாம், இரவல் கொடுக்கலாம். அங்கே நான் கண்ணை மூடிக்கொண்டு பெட்டி பக்கம்தான் நிற்பேன்.

விலைக்கு வருவோம். இணையக் கடைகளில் முன்பு வரி மிச்சமாகும். 2020 ஜனவரி முதல் வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கும் பொருள் சேவை வரி உண்டு. 2023 ஜனவரி முதல் 400 வெள்ளிக்குள் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பொருள்களுக்கும் உண்டு. வரி இப்போது 9 விழுக்காடு. எந்த வழியில் வாங்கினாலும் அது ஒன்றுதான். வித்தியாசம் தள்ளுபடியில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் வரும் ஸ்டீம் குளிர்காலத் தள்ளுபடி நம் பள்ளி விடுமுறையோடு சரியாகப் பொருந்தும். வெளிவந்து ஓரிரு ஆண்டு ஆன விளையாட்டு பாதி விலைக்கு இறங்குவது அங்கே சாதாரணம். எபிக் என்ற இன்னோர் இணையக் கடை வாராவாரம் ஏதாவதொன்றை இலவசமாகவே தருகிறது. கடைப் பெட்டி இந்த வேகத்தில் இறங்குவதில்லை.

பிடிக்காமல் போனால் என்ன செய்வது? பிரித்த பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடையை நான் பார்த்ததில்லை. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பும். ஜிஓஜி என்ற இணையக் கடையில் 30 நாள்வரை கேட்கலாம், விளையாடியிருந்தாலும் சரி. 13 வயதுப் பையனின் சேமிப்புக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நேரத்தில் பெட்டி தோற்றுவிட்டது. விநாடிக்கு 1 கிகாபிட் இணைப்பு இங்கே பல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இருக்கிறது. கணக்குப்படி 100 ஜிபி கால் மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், நடைமுறையில் அரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிம் லிம்முக்கு எம்ஆர்டி ரயிலில் போய்த் திரும்ப அதைவிட அதிகம் ஆகும்.

பெட்டி உருப்படியாக உதவும் இடம் ஒன்று உண்டு. 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு என்று எம்18 முத்திரை பெற்ற விளையாட்டைக் கடையில் விற்கும்போது வயதைச் சரிபார்க்க வேண்டும். இணையக் கடையில் பிறந்த தேதியைக் கேட்பார்கள், பையன் எந்த ஆண்டை வேண்டுமானாலும் போடுவான். பதிவிறக்க வழி என்றால் கணக்கைப் பெற்றோர் கட்டுப்பாட்டோடு தொடங்குங்கள் என்று அண்ணியிடம் அழுத்தியே சொன்னேன்.

இனி என் மனத்தை உண்மையில் அரிக்கும் விஷயம். வாங்கியது எத்தனை காலம் நம்மிடம் இருக்கும்?

யூபிசாஃப்ட் 2014ல் த க்ரூ என்ற கார்ப் பந்தய விளையாட்டை வெளியிட்டது. தனியாக விளையாடினாலும் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்திருந்தாக வேண்டும். 2024 மார்ச் 31ல் சர்வரை நிறுத்தினார்கள். பதிவிறக்கியவர்களுக்கும் போயிற்று, பெட்டியும் வட்டும் வைத்திருந்தவர்களுக்கும் போயிற்று. இதைப் பார்த்துக் கொதித்தவர்கள்தான் அந்த ஆண்டே ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கத்தைத் தொடங்கினார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். காசு வாங்கிக்கொண்டு விற்ற ஒன்றை, வாங்கியவன் வீட்டுக்குள்ளேயே செத்துப்போக வைப்பது நியாயம் இல்லை. ஸ்டீமும் 2024 அக்டோபரிலிருந்து பணம் கட்டும் பக்கத்திலேயே, நீங்கள் வாங்குவது விளையாடுவதற்கான உரிமம்தான் என்று தெரிவிக்கிறது.

ஆக, பெட்டி, பதிவிறக்கம் என்று பிரித்துப் பார்ப்பதைவிடப் பூட்டு உள்ளது, பூட்டு இல்லாதது என்று பிரித்துப் பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பூட்டு இல்லாதவற்றுக்குப் பேர்போனது ஜிஓஜி. 2008ல் போலந்தில், பழைய விளையாட்டுகளைப் புதிய கணினியில் ஓடும்படி செய்து விற்கத் தொடங்கியவர்கள். அங்கே வாங்கினால் நிறுவும் கோப்பையே இறக்கிச் சொந்த ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள்ளலாம். பிறகு இணையம் இல்லாமலும் நிறுவலாம். நாளைக்கு அந்தக் கடையே இல்லாமல் போனாலும் கோப்பு நம்மிடம் இருக்கும். பெட்டி தருவதாகச் சொன்ன உரிமை இப்போது இந்தப் பதிவிறக்கத்தில்தான் கிடைக்கிறது. குறை என்னவென்றால், பெரிய நிறுவனங்களின் புதிய வரவுகள் பல அங்கே வருவதில்லை.

ஸ்டீமில் கைமாற்றம் முழுக்கச் செத்துவிடவில்லை. 2024ல் வந்த ஸ்டீம் ஃபேமிலிஸ் வழியாக ஒரே வீட்டில் இருக்கும் 6 பேர்வரை விளையாட்டுகளைப் பகிரலாம். அண்ணனின் பழைய கணக்கில் பகிர அனுமதி உள்ளவற்றை, வயதுக்கு ஏற்றதாகப் பார்த்து, மகனுக்குத் திறந்துவிடலாம். ஒரே விளையாட்டை இருவர் ஒரே நேரத்தில் ஆட மட்டும் இரண்டு பிரதி வேண்டும். வேறு வீட்டில் இருக்கும் சித்தப்பாவுக்கு அதில் இடமில்லை.

எல்லாம் கேட்டுவிட்டுப் பையன் பெட்டிக்குள் இருந்த தாள்களைப் புரட்டினான். ஓரங்களில் பழுப்பேறியிருந்தது. ஆண்டு முழுக்கச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும் ஊரில் காகிதம் அப்படித்தான் ஆகும்.

அவன் கேட்ட மூன்றில் ஒன்று ஜிஓஜியில் இருந்தது, ஒரு நகரம் கட்டும் விளையாட்டு. அதை அன்றே வாங்கினோம். நண்பர்களோடு ஆடும் ஒன்று ஸ்டீமில். தள்ளுபடிவரை பொறுக்க ஒப்புக்கொண்டான். மூன்றாவது, இரண்டு மணி நேரத்துக்குமேல் பிடிக்குமா என்று அவனுக்கே சந்தேகம், விட்டுவிட்டான். வாங்கியதன் நிறுவும் கோப்பைச் சின்ன ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, மேலே பெயர் எழுதி ஒட்டினான். பிறகு அந்த ஹாஃப்-லைஃப் பெட்டியைத் திறந்து, சிடிக்களுக்குப் பக்கத்தில் அதை வைத்து மூடினான். "அப்பாகிட்ட காட்டணும்" என்று பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.