உறங்கி எழும் நெட்வேர்க் கார்ட்: அமைப்புகளை மீட்க எந்த வழி நல்லது?

கணினி உறங்கும்போது நெட்வேர்க் கார்டுக்கு மின்சாரம் நின்றுவிட்டால், அதன் ரெஜிஸ்டர்களில் (கார்டுக்குள் அமைப்புகளை வைத்திருக்கும் சிறு நினைவிடங்களில்) இருந்த மேக் முகவரி (கார்டின் அடையாள எண்), மல்டிகாஸ்ட் (குழுவுக்கு அனுப்பும் பொதிகளின்) வடிகட்டி, வீலேன் (ஒரே கம்பியில் பிரித்த மெய்நிகர் வலையமைப்பு) வடிகட்டி, வந்த பொதிகளைச் சிபியுக்களுக்குப் பகிரும் ஆர்எஸ்எஸ் அட்டவணை, அனுப்பும் பெறும் வரிசைகளின் நினைவக முகவரிகள் அனைத்தும் அழிந்துபோகும். விழித்ததும் இவற்றை எங்கிருந்து எடுத்துத் திரும்ப எழுதுவது என்பதற்கு லினக்ஸின் கருவான கேர்னலைச் சூழ்ந்து மூன்று வழிகள் வழக்கில் உள்ளன.

முதலாவது, உறங்குமுன் ரெஜிஸ்டர்களைப் படித்து வைத்துக்கொண்டு, எழுந்ததும் அப்படியே எழுதிவிடுவது. கார்டைக் கணினியோடு இணைக்கும் பிசிஐ பாதைக்குரிய கன்ஃபிகரேஷன் பகுதியைப் பொறுத்தவரை இது சரியான வழி. அந்த வேலையைக் கேர்னலின் பிசிஐ அடுக்கே செய்துவிடுகிறது. கார்டின் சொந்த ரெஜிஸ்டர்களுக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சில ரெஜிஸ்டர்கள் படித்தாலே அழியும். சிலவற்றில் 1 எழுதினால் அந்த பிட் துடைபடும். வரிசையின் முகவரியை எழுதுமுன் இயக்க பிட்டை எழுதிவிட்டால், கார்ட் தவறான நினைவகத்தில் டிஎம்ஏ (சிபியுவின் உதவியின்றி நேரடியாகப் படிப்பது, எழுதுவது) செய்யத் தொடங்கும்.

திருகோணமலை உவர்மலையில் ஓர் அலுவலகத்தில், இரவில் உறங்கவைக்கப்படும் சிறிய லினக்ஸ் பெட்டியொன்றில் இதன் விளைவை நேரில் பார்க்க முடிந்தது. காலையில் அது எழும்போது லிங்க் விளக்கு எரியும், சாதாரண பிங் போகும். ஆனால் கமராக்களுக்கென ஒதுக்கிய வீலேனில் எதுவும் வராது. காரணம் தேட பொதிகளைப் பதிந்து காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டவுடன் கமராக்கள் உயிர்பெறும், அதை நிறுத்தியவுடன் மீண்டும் அடங்கிவிடும். டிசிபிடம்ப் கார்டை எல்லாப் பொதிகளையும் ஏற்கும் நிலைக்கு மாற்றி, வடிகட்டியை விலக்கிவிட்டதே இதற்குக் காரணம். வீலேன் அட்டவணையை ஒரு சுட்டெண் ரெஜிஸ்டர் (எந்த இடத்தைப் படிப்பது என்று குறிப்பது) வழியாகவே அணுக முடியும் என்பதால், கார்டை இயக்கும் மென்பொருளான ட்ரைவர் எடுத்து வைத்திருந்த பிரதியில் அது இடம்பெறவே இல்லை.

இரண்டாவது, உறங்கி எழுந்தபின் ட்ரைவர் மொட்யூலைக் கழற்றி மீண்டும் ஏற்றுவது. சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் உறக்கக் கோப்புறையில் நாலு வரி ஸ்கிரிப்ட் வைத்தால் போதும். ஆனால் இடைமுகமே மறைந்து புதிதாகத் தோன்றுவதால், ஐபி முகவரி, அதன் மேலிருந்த வீலேன் இடைமுகங்கள், ஈத்டூல் என்ற கார்ட் அமைப்புக் கருவியால் செய்த மாற்றங்கள் எல்லாம் போய்விடும். அவசரத்துக்கு உதவும், திருத்தம் என்று இதைச் சொல்ல முடியாது.

மூன்றாவது வழியே என் தெரிவு. வன்பொருளை நம்பாமல், கேர்னலின் நினைவகத்தில் ஏற்கெனவே இருக்கும் விபரங்களிலிருந்து கார்டை முதலிலிருந்து அமைப்பது. மேக் முகவரியும் மல்டிகாஸ்ட் பட்டியலும் கேர்னல் ஒவ்வோர் இடைமுகத்துக்கும் வைத்திருக்கும் நெட்டிவைஸ் கட்டமைப்பிலேயே உள்ளன. வீலேன் எண்களை ட்ரைவர் ஒரு பிட் வரைபடத்தில் வைத்துக்கொள்ளலாம். இன்டெல் கார்டுகளுக்கான இ1000இ ட்ரைவரில், இடைமுகத்தை முதன்முறை திறக்கும்போதும் உறக்கத்திலிருந்து எழும்போதும் ஒரே அமைப்புச் சார்பு (ஃபங்ஷன்) அழைக்கப்படுகிறது; வீலேன் வடிகட்டியை மீட்கும் படிநிலை அதற்குள்ளேயே இருக்கிறது. ஆகவே நாளை ஒருவர் புதிய அமைப்பொன்றைச் சேர்த்தால், அது இரு பாதைகளிலும் தானாக வந்து சேரும். எஸ்டிஎம்மேக் (stmmac) என்ற மற்றொரு ஈதர்நெட் ட்ரைவரும் மீள எழும்போது வன்பொருளைப் புதிதாக அமைத்து, வடிகட்டிகளைத் திரும்ப எழுதுகிறது; ஆனால் அதன் மீளெழும் சார்பு இந்தப் படிநிலைகளைத் தனித்தனியே அழைப்பதால், ஒன்றைச் சேர்க்க மறப்பதற்கு இடம் இருக்கிறது. வைஃபையில் பல ட்ரைவர்களுக்குப் பொதுவான மேக்80211 அடுக்கே இந்தப் பொறுப்பை ஏற்று, தன்னிடமுள்ள நிலையை ட்ரைவருக்குத் திரும்ப ஓதுகிறது. கம்பி வழி ட்ரைவர்களுக்கு அத்தகைய பொது அடுக்கு இல்லை.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. கணினியைத் தொடக்கிவைக்கும் பூட்லோடர் எழுதி வைத்த சில மதிப்புகள் வன்பொருளில் மட்டுமே இருக்கும்; அவற்றை ட்ரைவர் தொடங்கும்போதே படித்துச் சேமித்துவிட வேண்டும். அந்த அளவுக்கு மட்டும் முதல் வழியைக் கலப்பதில் தவறில்லை.

எந்த வழியை எடுத்தாலும், உறக்க வகையைத் தெரிவுசெய்யும் மெம்_ஸ்லீப் கோப்பில் டீப் (ஆழ்ந்த உறக்கம்) தெரிவாகியிருக்கும்போது சோதிக்க வேண்டும். எஸ்2ஐடில் என்ற இலேசான உறக்கத்தில் கார்டுக்கு மின்சாரம் தொடர்ந்தால் எதுவும் அழியாது, பிழையும் வெளிப்படாது. வலையமைப்பு வழியே எழுப்பும் வேக் ஆன் லேனையும் நிறுத்திவிட்டு, குறித்த நேரத்தில் எழுப்பும் ஆர்டிசிவேக்கால் ஒரு நிமிடம் உறங்கவைத்து, ஈத்டூலின் ரெஜிஸ்டர் பட்டியலை முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டால், விடுபட்டவற்றில் பல அங்கேயே தெரியும். சுட்டெண் வழி அட்டவணைகளை மட்டும் வீலேனிலும் மல்டிகாஸ்டிலும் உண்மையான பொதிகளை அனுப்பித்தான் பார்க்க வேண்டும், அதுவும் டிசிபிடம்ப் ஓடாத வேளையில்.