ரிப்பேருக்குக் கொடுத்த பொருளைக் கடைக்காரர் தொலைத்துவிட்டால்: அந்தத் துண்டுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்

களியக்காவிளை, பனச்சமூடு, ஊரம்பு, பாறசாலை வட்டாரத்தில் செல்போன், லேப்டாப், மிக்ஸி, மோட்டார் என்று எதையாவது ரிப்பேருக்குக் கொடுப்பவர்களுக்கு இந்தப் பதிவு. இங்கே தமிழ்நாடு - கேரள எல்லை என்பது ரோட்டோரத்துப் பலகைதான். வீடு இந்தப் பக்கம், கடை அந்தப் பக்கம். பொருள் காணாமல் போகும் அன்றைக்குத்தான் அந்தப் பலகை மதிலாக எழுந்து நிற்கும். "கடை கேரளாவுல இருக்கு, நம்மால என்ன செய்ய முடியும்" என்று பலர் அங்கேயே கைகழுவிவிடுகிறார்கள். கைகழுவ வேண்டியதில்லை.

நடக்கிற விதம் பெரும்பாலும் ஒன்றுதான். வியாழக்கிழமை தருவதாகச் சொன்ன போன். வியாழன் போனால் "பார்ட்ஸ் வந்தில்லா, நாளெ வரூ அண்ணா." நாலு தடவை அலைந்த பிறகு, "சீட்டு உண்டோ? தா, நோக்கட்டே" என்று கடைக்காரர் கையை நீட்டுவார். சீட்டு உள்ளே போகும். பத்து நிமிஷம் கழித்து, "கண்டில்லல்லோ, இது எப்போ கொடுத்தது?" என்று திரும்பி வருவார். சீட்டு இப்போது அவர் மேஜை டிராயரில். கையில் ஒரு தாளும் இல்லாமல் நிற்பது நீங்கள். எல்லாரும் திட்டம்போட்டுச் செய்வதில்லை. ஆனால் விளைவு ஒன்றுதான். பொருள் கைக்கு வந்து, ஆன் செய்து பார்த்த பிறகே சீட்டைக் கொடுங்கள். அதற்கு முன் கேட்டால் சீட்டின் போட்டோவைக் காட்டினால் போதும்.

அந்தச் சீட்டில் என்ன இருக்கிறது என்பதையும் ஒரு நிமிஷம் பாருங்கள். "போன் 1, டிஸ்ப்ளே, 2200, வியாழன்." இவ்வளவுதான். எந்த கம்பெனி, எந்த மாடல், எந்த மாத வியாழன், ஒன்றும் தெரியாது. பின்னாளில் அவர் ஒரு பழைய பட்டன் போனை எடுத்துவைத்து "இதுதான் கொடுத்தது" என்றாலும் சீட்டு மறுத்துப் பேசாது. கொடுக்கும்போதே மாடல், நிறம், ஐ.எம்.இ.ஐ. எண்ணின் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) கடைசி ஆறு இலக்கம், ஏற்கெனவே இருக்கும் கீறல், கூடக் கொடுத்த சார்ஜர், கவர், திருப்பித் தரும் தேதி வருஷத்தோடு, கூலி எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். போன் ஓடினால் *#06# அடித்தால் எண் வரும். டிஸ்ப்ளே செத்துப்போயிருந்தால் வாங்கின பில்லிலோ அட்டைப்பெட்டியிலோ இருக்கும். சிம், மெமரி கார்டு இரண்டையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

லேப்டாப் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணோடு ரேம் எத்தனை ஜிபி, எஸ்.எஸ்.டி. எத்தனை ஜிபி என்பதும் சீட்டில் ஏற வேண்டும். முழு லேப்டாப் காணாமல் போவதைவிட 8 ஜிபி ரேம் போய் 4 ஜிபி ரேம் திரும்பி வருவது சத்தமில்லாத திருட்டு. மிக்ஸிக்கு ஜார் பழுதில்லை என்றால் ஜாரைக் கொண்டுபோகவே வேண்டாம். ரீவைண்டிங்குக்குப் போகும் மோட்டாருக்கு நேம்பிளேட்டில் உள்ள ஹெச்.பி.யும் சீரியல் எண்ணும். கழற்றும் பழைய செம்பு கம்பி யாருக்கு என்பதை முன்பே பேசி எழுதிவிடுங்கள், இல்லையென்றால் அது கடையோடு போகும். கார் சர்வீஸ் ஜாப் கார்டில் ஸ்டெப்னி, ஜாக்கி, டூல் கிட், ஸ்டீரியோ, கிலோமீட்டர், பெட்ரோல் அளவு என்று கட்டங்கள் இருக்கும். டிக் போட்ட பொருளுக்குக் கடைதான் பதில் சொல்ல வேண்டும். டேஷ்போர்டுக்குள் சொல்லாமல் வைத்த பர்ஸ் அங்கே இருந்தது என்று நிரூபிப்பது பெரிய பாடு.

எழுதித் தர மாட்டேன் என்கிற கடையில் சண்டை வேண்டாம். கவுண்டரில் பொருளை வைத்து ஒரு போட்டோ எடுத்து, "இன்று இதைக் கொடுத்தேன், 18ஆம் தேதி தருவதாகச் சொன்னீர்கள்" என்று அவர் வாட்ஸ்அப்புக்கே அனுப்புங்கள். "ஓகே சேட்டா" என்று ஒரு பதில் வந்தால் அதுவே ரசீது. அட்வான்ஸ் நூறு ரூபாயானாலும் ஜிபேயில் போடுங்கள். தேதியும் கணக்குக்காரர் பெயரும் தானாகவே பதிவாகிவிடும். இந்தப் பெயர் பிறகு எவ்வளவு உதவும் என்பது கீழே வருகிறது.

இனி சட்டம். ரிப்பேருக்கு ஒரு பொருளை ஒப்படைப்பதை 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் பெயில்மென்ட் என்கிறது. தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண விவேகமுள்ள ஆள் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பிரிவு 151. அப்படிப் பார்த்துக்கொண்டும் போய்விட்டது என்றால் பொறுப்பில்லை என்பது பிரிவு 152. கடைக்காரர்கள் "ராத்திரி கடையில கள்ளன் கேறி" என்று சொல்வது இந்த 152ஐ நம்பித்தான். ஆனால் கவனமாக இருந்தேன் என்று காட்ட வேண்டியது பொருளை வாங்கி வைத்தவர். ஷட்டருக்குப் பூட்டு இருந்ததா, திருட்டுக்கு எஃப்.ஐ.ஆர். உண்டா, அதன் பட்டியலில் உங்கள் பொருள் இருக்கிறதா, திருட்டு இன்சூரன்ஸ் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். திருட்டு நடந்த கடையில் எஃப்.ஐ.ஆர். நகல் கிடைக்கும். நடக்காத கடையில் பேச்சு மாறும்.

இதைவிடக் கூர்மையானது பிரிவு 161. சொன்ன தேதியில் தராமல் தன் தவறால் தாமதித்தால், அந்தத் தேதிக்குப் பிறகு பொருளுக்கு வரும் எந்த நஷ்டத்துக்கும் கடைதான் பொறுப்பு. 18ஆம் தேதி தருவதாக எழுதி, தராமல் இழுத்து, 25ஆம் தேதி திருட்டு என்றால் "கவனமாத்தான் வெச்சிருந்தேன்" என்ற பேச்சுக்கு இடமில்லை. சீட்டில் தேதி வேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான். மறுபக்கமும் உண்டு: "ரெடி, வந்து எடுங்க" என்று மெசேஜ் வந்தும் மூன்று மாதம் போகாமல் இருந்தால் இந்தப் பிரிவு உங்களுக்குக் கை கொடுக்காது.

"30 நாளுக்குள் எடுக்காவிட்டால் கடை பொறுப்பல்ல", "தொலைந்தால் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது" என்று சீட்டின் பின்னால் மலையாளத்தில் பொடி எழுத்தில் இருக்கலாம். யாரும் வாசித்துக் காட்டாத, கையெழுத்து வாங்காத ஒரு அச்சு வரி மட்டும் கடையின் அலட்சியத்தைக் காப்பாற்றிவிடாது. ஆனால் பின்னால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடும் மனுவில் "இந்த ஷரத்து செல்லாது என்று அறிவிக்க வேண்டும்" என்று கேட்காதீர்கள். நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகார் மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டியது. மாவட்டத்தில் அதைக் கேட்டால் எதிர்தரப்பு வக்கீலுக்கு நீங்களே ஒரு வாதம் கொடுத்த மாதிரி. சேவைக் குறைபாடு என்று மட்டும் எழுதுங்கள்.

களியக்காவிளைக் கடைக்காரர் ரிப்பேருக்கு வாங்கிய போனைத் திருவனந்தபுரத்துக்குச் சிப் வேலைக்கு அனுப்பி, வழியில் தொலைந்தது என்பதும் அடிக்கடி கேட்கிற பதில். அனுப்பியது அவர் இஷ்டம். உங்களிடம் வாங்கினவர் அவர், பதில் சொல்ல வேண்டியவரும் அவர். இரண்டு கடையும் தெரிந்தால் இருவரையும் எதிர்தரப்பாகப் போடுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றால் கம்பெனியையும் சேருங்கள், இல்லையென்றால் ஒருவர் மற்றவரைக் கை காட்டிக்கொண்டே இருப்பார்.

எவ்வளவு கேட்பது? இதில்தான் இரு தரப்பும் தப்புக் கணக்கு போடுகிறது. வாடிக்கையாளர் புதுப் போன் விலையைக் கேட்பார். கடைக்காரர் "ஓடாத போன், ஆக்கர் விலைதான்" என்பார், அதாவது காயலான் கடை விலை. ரிப்பேர் முடிந்து கைக்கு வந்திருந்தால் என்ன மதிப்போ அதிலிருந்து கூலியைக் கழியுங்கள். அதே மாடல், அதே வயசு, ஓடுகிற போன் செகண்ட் ஹேண்டில் 7,500 ரூபாய், டிஸ்ப்ளே கூலி 2,200 என்றால் உங்கள் நஷ்டம் 5,300. கொடுத்த அட்வான்ஸ் இருந்தால் அதைக் கூட்டுங்கள். பழைய போன் விற்கும் தளத்தில் அன்றைய விலை தெரியும் ஸ்கிரீன்ஷாட் இரண்டு மூன்று எடுத்து வையுங்கள். மன உளைச்சல், வழக்குச் செலவு தனி. உள்ளே இருந்த கல்யாண போட்டோவுக்கு லட்ச ரூபாய் என்று எழுதினால் மனு கனக்காது, காற்றில் பறக்கும்.

தொலைந்தது உறுதி என்று தெரிந்த உடனே வங்கி ஆப், கூகுள் கணக்கு இரண்டையும் வேறு போனிலிருந்து லாக் அவுட் செய்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு போலீஸ். பாறசாலை ஸ்டேஷனில் "வீடு தமிழ்நாடு" என்பார்கள், களியக்காவிளையில் "கடை கேரளா" என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 173இல், குற்றம் எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. ஆனால் வெறும் அலட்சியத்தில் தொலைந்தது குற்ற வழக்கு ஆகாது. கடைக்காரர் எடுத்து விற்றிருந்தால்தான் நம்பிக்கை மோசடி. ஆகவே எஃப்.ஐ.ஆருக்கு மல்லுக்கட்டுவதைவிட, புகார் கொடுத்து இந்தப் பக்கம் சி.எஸ்.ஆர். ரசீதோ (புகாரைப் பெற்றதற்கு ஸ்டேஷன் தரும் ரசீது), அந்தப் பக்கம் மனு ரசீதோ வாங்குங்கள். தொலைந்த போன்களை முடக்கும் அரசுத் தளமான சி.இ.ஐ.ஆரில் ஐ.எம்.இ.ஐ.யை முடக்கப் போலீஸ் புகார் நகல் வேண்டும்.

அடுத்தது நோட்டீஸ். வக்கீல் கட்டாயமில்லை, ஒரு பக்கம் போதும். என்ன பொருள், எந்தத் தேதி கொடுத்தது, எந்தத் தேதி தருவதாகச் சொன்னது, என்று "காணோம்" என்றார், எவ்வளவு நஷ்டம், 15 நாளுக்குள் பொருளையோ பணத்தையோ தர வேண்டும். இதோடு "பேசிய கூலியைத் தரத் தயாராக இருக்கிறேன்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். கூலி வராதவரை பொருளைப் பிடித்துவைக்கும் உரிமை ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170இல் கடைக்கு உண்டு. "பாக்கி தரல, அதான் தரல" என்று பின்னால் கதை மாறாமல் அந்த வரி காக்கும். அந்தப் பக்கத்துக் கடை என்றால் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பி, கவர் திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள்.

நோட்டீஸில் யார் பெயர் போடுவது? போர்டில் உள்ள கடைப் பெயர் மட்டும் போதாது. பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள்: 32 என்றால் கேரளப் பதிவு, 33 என்றால் தமிழ்நாடு. ஜி.எஸ்.டி. தளத்தில் அந்த எண்ணைத் தேடினால் உரிமையாளரின் பெயர் வரும். ஜி.எஸ்.டி. இல்லாத பெட்டிக்கடைக்கு, நூறு ரூபாய் போட்ட ஜிபேயில் வந்த பெயர்தான் துருப்பு.

நோட்டீஸ் போன பிறகு பல கடைக்காரர்கள் இறங்கி வருவார்கள். அப்போது பணத்துக்குப் பதில் ஒரு பழைய போனை நீட்டினால் கவனம். அது யாருடையது என்று தெரியாது. *#06# அடித்து வரும் எண்ணை, கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துக்குப் பின் ஒரு இடம் விட்டு, 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பாருங்கள், முடக்கப்பட்ட போன் என்றால் தெரிந்துவிடும். "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்ற தாளில் முழுப் பணமும் வந்த பிறகே கையெழுத்து. தவணையில் தருவதாகச் சொன்னால், வந்த தொகை, வர வேண்டிய தொகை, தேதி எல்லாம் அந்தத் தாளில் இருக்கட்டும்.

இறங்கி வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் பதியுங்கள். சமரசத்துக்கு உதவும், உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 1986ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், கடை இருக்கும் ஊருக்கோ தவறு நடந்த ஊருக்கோதான் போக வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் நடப்புக்கு வந்த 2019ஆம் வருடச் சட்டம், பிரிவு 34இல், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது. பாறசாலைக் கடை மேல் குழித்துறைக்காரர் நாகர்கோவிலில் வழக்குப் போடலாம். கடைக்காரர்தான் எல்லை தாண்டி வர வேண்டும். இந்த ஒரு வரியை நோட்டீஸிலேயே எழுதிவிட்டால் பாதிப் பேச்சு சுருங்கும்.

சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. காலக்கெடு இரண்டு வருடம். நேரிலும் போடலாம், ஆன்லைனிலும் போடலாம். ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் கடை பதில் தர வேண்டும், ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாள். அந்த 45ஐத் தாண்டிய பதிலை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச்சில் பழைய சட்டத்தின் கீழ் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே நாளை எண்ணிக்கொண்டிருங்கள்; 46ஆம் நாள் வரும் பதிலுக்கு எழுந்து ஆட்சேபம் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் அதை நம்பி நாள் குறிக்க வேண்டாம், நீளும்.

தையல் மெஷின், ஆட்டோ மாதிரி பிழைப்புக்கான பொருள் என்றால் "இது வியாபாரம், நீங்கள் நுகர்வோர் இல்லை" என்று கடை கிளப்பும். சொந்தமாக உழைத்துப் பிழைக்கும் வேலைக்கு என்று மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். சட்டம் அதை வியாபாரக் கணக்கில் சேர்ப்பதில்லை.

உத்தரவு வந்தும் பணம் வராவிட்டால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு. 2019ஆம் வருடச் சட்டத்தின் பிரிவு 72இன் கீழ் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நாகர்கோவில் வாரன்ட் கேரளப் போலீஸ் வழியாகப் போக வேண்டும் என்பதால் இங்கே கொஞ்சம் இழுக்கும். கடைக்காரரின் வீட்டு விலாசமும் கைவசம் இருந்தால் அந்த இழுவை குறையும். கடையை ஒரே ராத்திரியில் வேறு போர்டுக்கு மாற்றிவிடலாம், வீட்டை மாற்றுவது அவ்வளவு லேசில்லை.