நான்கு வருடம் ஒரு மின் அளவியோடு: வீட்டுச் செலவு எங்கே குறைந்தது

எங்கள் வீட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மின் அளவி இருக்கிறது. சுவர் பிளக்கில் அதைச் செருகி, அதன் முகத்தில் டிவியோ ஃபிரிட்ஜோ எதையாவது செருகினால், அந்தப் பொருள் இப்போது எத்தனை வாட் இழுக்கிறது, இதுவரை எத்தனை யூனிட் செலவழித்திருக்கிறது என்று காட்டும். வாங்கி நான்கு வருடம் முடிந்துவிட்டது. கூடவே ஒரு கோடு போட்ட நோட்டு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்தோம், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைச் சொல்கிறேன்.

ஆரம்பம் ஒரு சண்டைதான். கட்டணச் சீட்டு வந்ததும் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். மகள் சார்ஜரைப் பிளக்கிலேயே விட்டுவிடுகிறாள் என்றேன் நான். விளக்கை யாரும் அணைப்பதில்லை என்றார் கணவர். அத்தைக்கு மைக்ரோவேவ் மேல் சந்தேகம். அளவி வந்த முதல் வாரமே மூன்றையும் அளந்தோம். மகளின் ஃபோன் ஒரு முறை முழுதாகச் சார்ஜ் ஆக 0.02 யூனிட். தினமும் செய்தாலும் வருடத்துக்கு ஏழு யூனிட்தான். அத்தனை நாள் அவளைத் திட்டியதற்கு வருத்தமாகவே இருந்தது. விளக்குகளில் பழைய 60 வாட் குண்டு பல்புகளை எடுத்துவிட்டு 9 வாட் எல்இடி ஏற்கெனவே போட்டிருந்தோம். மைக்ரோவேவ் நிறைய இழுத்தது உண்மை, ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் ஓடுவதில் என்ன பெரிதாக ஏறிவிடும்?

அப்போதுதான் ஒன்று புரிந்தது. நாங்கள் கண்ணுக்குத் தெரிவதையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். வெளிச்சம் கண்ணில் படும், சூடு படாது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4.2 கிலோஜூல் வேண்டும்; ஒரு யூனிட் என்பது 3600 கிலோஜூல். அந்தக் கணக்கில் 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்றினால் 0.6 யூனிட் ஆகிறது. அதே மின்சாரத்தில் ஒரு 9 வாட் பல்பு 65 மணி நேரத்துக்கு மேல் எரியும். இந்தக் கணக்கை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்த பிறகுதான் எதைத் தேட வேண்டும் என்பதே தெரிந்தது.

கீசரைச் சின்ன அளவியில் செருக முடியாது. அதற்கு வீட்டின் பெரிய மீட்டரே போதும். டிஜிட்டல் மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று மின்னிக்கொண்டே இருக்குமே, அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். எங்களுடையதில் 3200. அப்படியானால் 1125-ஐ இரண்டு மின்னலுக்கு இடைப்பட்ட நொடிகளால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் வந்துவிடும். உங்கள் மீட்டரில் எண் வேறாக இருந்தால் 36 லட்சத்தை (ஒரு யூனிட்டில் அத்தனை ஜூல்) அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் 1125.

ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து டார்ச்சோடு மீட்டர் முன்னால் நின்றேன். எல்லாரும் தூக்கம். விளக்கு இல்லை, மின்விசிறி இல்லை. ஃபிரிட்ஜ் மோட்டார் நிற்கும்வரை காத்திருந்தேன், நின்றதும் வீடே அமைதியாகிவிட்டது. ஆனாலும் மீட்டர் மின்னியது. ஃபோனில் நொடி பார்த்தேன். பதினான்கு நொடிக்கு ஒரு முறை. வகுத்தால் 80 வாட். யாரும் எதையும் பயன்படுத்தாத வீடு 80 வாட் இழுத்துக்கொண்டிருக்கிறது! இது இப்படியே இருபத்துநான்கு மணி நேரமும் ஓடினால் வருடத்துக்கு 700 யூனிட்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த 80 வாட்டைத் தேடினோம். மகள் அளவியை ஒவ்வொரு பிளக்காக மாற்ற, நான் எழுதினேன். பழைய ஆம்ப்ளிஃபயர் 19. பாட்டு கேட்காதபோதும் 19! செட்டாப் பாக்ஸ் 15. ரிமோட்டில் அணைத்தாலும் கிட்டத்தட்ட அதே அளவு. யூ.பி.எஸ். 18, ரௌட்டர் 9, கணினியும் ஸ்பீக்கரும் சேர்ந்து 8, மாதத்துக்கு ஒரு முறை தொடும் பிரிண்டர் 5. மிச்சம் மைக்ரோவேவ் கடிகாரம், வாஷிங் மெஷின் என்று சில்லறை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் சாதாரண வீட்டுச் சாதனங்கள் சும்மா இருக்கும்போது 0.5 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. பழைய சாமான்கள் அதற்கு முந்திய காலத்தவை என்பது அளந்ததுமே தெரிந்துவிடுகிறது. டிவிப் பக்கத்துச் சாமான்கள் எல்லாவற்றையும் சுவிட்ச் வைத்த ஒரே நீட்டிப்புப் பலகையில் போட்டு, படுக்கப் போகும்போது அதை அணைப்பது என்று வைத்துக்கொண்டோம். ரௌட்டரையும் யூ.பி.எஸ்ஸையும் தொடவில்லை, கணவரின் வேலைக்கு அவை வேண்டும். இப்போது ராத்திரியில் நாற்பது நொடிக்கு ஒரு மின்னல். சாயங்காலம் டிவி ஓடும் நேரத்தைக் கழித்துவிட்டாலும் வருடத்துக்கு 400 யூனிட் அளவுக்கு மிச்சம்.

அடுத்தது கீசர். காலையில் போட்டால் ராத்திரி வரை அதன் பாட்டுக்கு எரியும். தண்ணீர் சூடானதும் தானாக நின்றுவிடுகிறதே, அப்புறம் என்ன செலவு என்று நானும் நினைத்திருந்தேன். நின்றபின் ஆறும், ஆறினால் மறுபடி சூடாக்கும். யாருமே குளிக்காத ஒரு நாளில் அதை மட்டும் போட்டுவிட்டு மீட்டரைப் பார்த்தபோது, சும்மா சூடாக வைத்திருக்கவே ஒரு யூனிட்டுக்கு மேல் போயிருந்தது. "வெந்நீர் விஷயத்தில் மட்டும் கை வைக்காதேம்மா" என்றார் அத்தை. அவருக்கு மூட்டு வலி, வெந்நீர் வேண்டும்தான். ஆகவே அவர் குளிக்கும் நேரத்துக்கு முக்கால் மணி முன்னால் போட்டு, குளித்து முடித்ததும் அணைக்கும் டைமர் ஒன்றை மின் வேலைக்காரரை வைத்து மாட்டினோம். அவருக்கு வெந்நீர் ஒரு நாளும் குறையவில்லை. சூட்டின் அளவை 70-லிருந்து 60-க்கு இறக்கினோம். அதற்குக் கீழே இறக்கவில்லை, நீங்களும் இறக்க வேண்டாம். வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். நான்கு காசு மிச்சத்துக்காக அந்த ஆபத்தை விலைக்கு வாங்கக் கூடாது.

ஃபிரிட்ஜ் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பதினைந்து வருடப் பழசு. அதை அளக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மோட்டார் விட்டு விட்டு ஓடுவதால் அந்த நொடி காட்டும் வாட்டைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. முழுதாக ஒரு நாள், முடிந்தால் மூன்று நாள் விட்டுச் சராசரி எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு 2.4 யூனிட் வந்தது. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். மூன்று பக்கமும் தாளை இறுகப் பிடித்தது, கீல் பக்கத்துக் கீழ் மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அந்த மூலையில் ரப்பர் காய்ந்து ஒரு விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. உள்ளே ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தேன். காலையில் 1 டிகிரி. 4 டிகிரி இருந்தாலே போதும், ஃபிரீசருக்கு மைனஸ் 18. ரப்பரை மாற்றி, பின்பக்கக் கம்பிச் சுருளில் படிந்திருந்த தூசியைத் துடைத்து, திருகை ஒரு படி குறைத்ததும் 1.9-க்கு வந்தது. ஒரு வருடம் அப்படியே ஓட்டினோம். அப்புறம் மாற்றினோம். புதியது ஒரு நாளைக்கு 0.7. பழையதை வேறு அறையில் வைத்துக்கொள்ளலாமே என்று வீட்டில் ஆசைப்பட்டார்கள். நான் விடவில்லை. இரண்டும் ஓடினால் புதியது வாங்கியதற்கே அர்த்தம் இல்லை.

தண்ணீரையும் இதே மாதிரி பிடித்தோம். படுக்கும் முன் தண்ணீர் மீட்டரின் கடைசி எண்ணைக் குறித்து, காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடி பார்த்தேன். ஆறு மணி நேரத்தில் 90 லிட்டர் போயிருந்தது. சத்தமே இல்லை, எங்கும் ஈரம் இல்லை. கழிப்பறைத் தொட்டியில் கொஞ்சம் சாயம் கலந்துவிட்டு அரை மணி கழித்துப் பார்த்தால் கீழே பேசினில் நிறம் இறங்கியிருந்தது. தொட்டிக்குள் இருக்கும் ரப்பர் மூடி ஒன்றைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு 360 லிட்டர், எத்தனை மாதமாக என்றே தெரியாது. இந்தப் பகிர்வில் ஒன்றை மட்டும் செய்து பார்ப்பீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். காசு செலவே இல்லை. அப்புறம் ஷவரை வாளியில் பிடித்து அளந்தோம், அரை நிமிடத்துக்கு 7 லிட்டர். நிமிடத்துக்கு 8 லிட்டர் விடும் ஷவர் தலையை மாட்டியதில் தண்ணீரும் குறைந்தது, அந்தத் தண்ணீரைச் சூடாக்கும் மின்சாரமும் குறைந்தது.

ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். பிளக்கில் செருகினால் மின் கட்டணம் பாதியாகும் என்று சொல்லி ஒரு பெட்டி விற்கிறார்கள். வாங்கினேன். அளவியில் வைத்துப் பார்த்தபோது ஆம்பியர் கொஞ்சம் குறைந்தது, வாட் அப்படியேதான் இருந்தது. உள்ளே இருப்பது ஒரு கெப்பாசிட்டர், மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் தேக்கிவைத்துத் திருப்பித் தரும் சின்னப் பாகம். பொதுவாக வீட்டு மீட்டர் கணக்கெடுப்பது உண்மையில் செலவாகும் யூனிட்டை, அதை இந்தப் பெட்டி தொடுவதே இல்லை. ஆம்பியரை மட்டும் காட்டிக் கடைக்காரர் மயக்கிவிடுகிறார். தயவுசெய்து வாங்காதீர்கள். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று மளிகை வாங்கியதும் கைகொடுக்கவில்லை. கெட்டுப்போய்த் தூக்கிப் போட்டதைக் கணக்கில் சேர்த்தபோது சின்னப் பாக்கெட்டே மலிவாக இருந்தது. பெரிய பாக்கெட்டில் கிலோவுக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. சில நேரம் பெரியதுதான் விலை கூடுதல்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தாக்களில், கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யாருக்கும் நினைவில்லாத இரண்டை நிறுத்தினோம். மிச்சமுள்ளவற்றின் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் நோட்டில் குறி வைத்திருக்கிறேன். ஃபோன் டேட்டா நாங்கள் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை, சின்ன திட்டத்துக்கு மாறினோம். காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது வேறு இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டுப் பேசினால் குறைத்துத் தருகிறார்கள்.

அளவியைப் பற்றியும் சொல்ல வேண்டும் அல்லவா? இரண்டு வாட்டுக்குக் கீழே அது காட்டுவதை நம்ப முடியாது, ஒரே பொருளுக்கு ஒரு தடவை பூஜ்யம் காட்டும், ஒரு தடவை 1.4 காட்டும். நினைவில் வைக்க ஒரு பட்டன் செல் இருக்கிறது. அது தீர்ந்தது தெரியாமல், மூன்று நாள் அளந்த கணக்கு ஒரு மின்வெட்டில் அழிந்துபோனது. 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் எதையும் அதில் செருகக் கூடாது என்று பின்னால் எழுதியிருக்கிறது, அதை மீறாதீர்கள், பிளக் உருகிவிடும். திரையின் எழுத்து பொடிசு. அத்தை படிக்க முடியாமல் மகளைக் கூப்பிடுவார். நான்கு வருடத்தில் பழுது என்று ஒன்றும் வரவில்லை. செலவுக் கணக்குக்கு முதலில் ஃபோனில் ஒரு ஆப் போட்டிருந்தேன், இரண்டே மாதத்தில் விட்டுவிட்டேன். நோட்டு இன்னும் மீட்டர் பக்கத்து ஆணியில் தொங்குகிறது, போகிறவர் வருகிறவர் எழுதுகிறார்கள். தினமும் எழுதத் தேவையில்லை. ஞாயிறு காலை ஒரு முறை போதும்.

நோட்டில் இருக்கும் மாதச் சராசரி இது. தொடங்கும் முன் 340 யூனிட். முதல் வருடம் 267. ஃபிரிட்ஜ் மாற்றியபின் 231. படுக்கையறையில் 75 வாட் மின்விசிறியை எடுத்துவிட்டு 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வைத்தது) போட்ட வருடம் 215. இந்த வருடம் 222. ஏன் ஏறியது என்று தேடினேன், மகள் வீட்டிலிருந்தே படிக்கிறாள், பகல் முழுக்க அவள் அறையில் விசிறியும் கணினியும் ஓடுகின்றன. அந்த ஏழு யூனிட்டைக் குறைக்க எனக்கு மனமில்லை, அது அவள் படிப்புக்குப் போகட்டும்.

இப்போது அளவி எங்கள் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா போன வாரம் வாங்கிக்கொண்டு போனார், அவர் ஃபிரிட்ஜ் மேல் சந்தேகமாம். நேற்று மாடிப்படியில் பார்த்தபோது ஒரு நாளைக்கு 2.1 வருகிறது என்றார். கதவிடுக்கில் தாள் வைத்து இழுத்துப் பார்த்தீர்களா அக்கா என்று கேட்டேன். இல்லையாம். சாயங்காலம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு நானே போகலாம் என்றிருக்கிறேன்.